சிப்பியின் உட்புறமும் புரொஜெக்டரின் உட்புறமும்

முத்துச் சிப்பியின் ஓட்டைத் திருப்பி, அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பச்சையாகத் தெரிந்த இடம் நீலமாகும். பக்கத்திலேயே ஓர் இளஞ்சிவப்பு தோன்றி மறையும். அந்த ஓட்டில் சாயம் எதுவும் கிடையாது; சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் புரதமும்தான் இருக்கின்றன. நிறமற்ற பொருளிலிருந்து நிறம் எப்படி வருகிறது என்று விளங்கினால், வகுப்பறைச் சுவரில் படம் காட்டும் டிஜிட்டல் புரொஜெக்டருக்குள் நடப்பதில் பாதி விளங்கிவிடும். அதனால்தான் இந்த அத்தியாயத்தைக் காயல்பட்டினத்துக் கடற்கரையில் தொடங்குகிறேன்.

தாமிரபரணி கடலைச் சேரும் இந்தக் கரையில் கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம் என்று துறைமுகங்கள் அடுத்தடுத்துப் பேர் பெற்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ‘காயல்’ என்ற பெருந்துறையைப் பற்றி எழுதிவைத்தார். அது இன்றைய பழையகாயல்தான் என்பது மொழியறிஞர் கால்டுவெல்லின் முடிவு. கரையிலிருந்து தள்ளி, மன்னார் வளைகுடாவின் அடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை இங்கே ‘பார்’ என்பார்கள். முத்துச் சிப்பி வளர்வது அந்தப் பார்களில். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் ‘சலாபம்’ எனப்படும் முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அழகர்சாமி, தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். காயல்பட்டினத்து வணிகர்களோ தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலும் அதற்கு அப்பாலும் ரத்தினக்கல் வியாபாரம் செய்துவருபவர்கள். கல்லிலும் முத்திலும் நீரோட்டம் என்னும் மினுக்கத்தைப் பார்க்கத் தெரிந்த கண் இந்த ஊரின் சொத்து. அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்று இயற்பியலும் கேட்டது.

ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1814-ல் வெளியிட்ட சோதனை எளிமையானது. சிப்பியின் உட்புறத்தை மெழுகில் அழுத்தி எடுத்தார். மெழுகிலும் நிறங்கள் தெரிந்தன! மெழுகுக்குச் சிப்பியின் பொருள் எதுவும் போகவில்லை. மேற்பரப்பின் வடிவம் மட்டும்தான் போயிற்று. ஆக, ஓட்டின் மேலுள்ள மிக நுண்ணிய வரிகள் ஒளியைப் பிரித்து நிறம் காட்டுகின்றன. ஆனால் சிப்பி காட்டிய எல்லா நிறமும் மெழுகுக்கு வரவில்லை. மிச்ச நிறங்கள் ஓட்டின் ஆழத்திலிருந்து வருபவை. இவ்விரண்டையும் பிரித்து ஆராய்ந்தவர்களில் நம் சி.வி. ராமன் முக்கியமானவர். 1930களின் நடுவில் மினுங்கும் சிப்பிகளைப் பற்றி அவர் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1954-ல் டி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து முத்துகளின் அமைப்பையும் ஒளி நடத்தையையும் பற்றி எழுதினார். நோபல் பரிசு பெற்ற பின்னும் ஒரு சிப்பி ஓட்டுக்காக ஆண்டுகளைச் செலவிட அவருக்கு மனம் இருந்தது. அந்த மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஓட்டின் உள்ளே இருப்பது இது. அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தின் தட்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மைக்ரான் தடிமன்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தட்டுகளுக்கு இடையில் அதைவிடப் பன்மடங்கு மெல்லிய புரதப் பூச்சு. செங்கல்லும் சாந்துமாக எழுப்பிய சுவர் போன்ற கட்டுமானம். ஒளி உள்ளே போகும்போது ஒவ்வொரு தட்டின் எல்லையிலும் சிறு பங்கு திரும்பி வருகிறது. மேல் தட்டிலிருந்து திரும்பும் அலையும் அடுத்த தட்டிலிருந்து திரும்பும் அலையும் ஏற்றத்தோடு ஏற்றம் சேர்ந்தால் அந்த நிறம் ஓங்கும். ஏற்றத்தோடு இறக்கம் சேர்ந்தால் அழியும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தட்டின் தடிமன் 0.5 மைக்ரான், ஒளிவிலகல் எண் சுமார் 1.6. இவ்விரண்டையும் பெருக்கி, போய்வரும் பாதைக்கு மீண்டும் இரண்டால் பெருக்கினால் 1600 நானோமீட்டர் கிடைக்கிறது; அதற்குள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைகளே ஓங்கும். அதன் பாதி 800, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நான்கில் ஒரு பங்கு 400, கண் அரிதாக உணரும் ஊதா விளிம்பு. மூன்றில் ஒரு பங்கு 533, துலக்கமான பச்சை. எனவே நேராகப் பார்த்தால் பச்சை தெரிகிறது. ஓட்டை 45 பாகை சாய்த்தால் அலைகளுக்கு இடையிலான பாதை வேறுபாடு குறைந்து, ஓங்கும் அலைநீளம் 480 நானோமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. அது நீலம். சாய்க்கச் சாய்க்க நிறம் நீலப் பக்கம் நகரும் என்ற இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புரொஜெக்டர் லென்ஸை வடிவமைப்பவர்களுக்குத் தலைவலியாக இது திரும்ப வரும்.

புரொஜெக்டருக்குள் வருவோம். விளக்கிலிருந்து வருவது வெள்ளை ஒளி. படத்துக்குத் தேவை சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக. ஒவ்வொரு வழியிலும் ஒரு நிறக் கண்ணாடியை வைத்தால் வேலை முடியும்; ஆனால் சிவப்புக் கண்ணாடி பச்சையையும் நீலத்தையும் விழுங்கிச் சூடாகிவிடும். காசு கொடுத்து உண்டாக்கிய ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகப் போய்விடும். இந்த இடத்தில்தான் சிப்பியின் முறை கைகொடுக்கிறது. சாதாரணக் கண்ணாடித் தகட்டின் மேல், ஒளியைக் கூடுதலாக வளைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடையும் குறைவாக வளைக்கும் சிலிக்காவையும் வெற்றிட அறையில் மாறி மாறிப் படியவைக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லியது. இப்படிப் பல பத்து அடுக்குகள் படிந்தால் அந்தத் தகடு நீலத்தை மட்டும் திருப்பி, மற்றதைத் தன் வழியே போகவிடும். அடுத்த தகடு பச்சையைத் திருப்பும். எதுவும் விழுங்கப்படுவதில்லை; ஒரு வழியில் ஆகாத நிறம் இன்னொரு வழிக்கு வேலைக்குப் போகிறது. படத்தை உருவாக்கும் மூன்று எல்சிடி (திரவப் படிக) சில்லுகள் கொண்ட புரொஜெக்டர்களில் பிரிந்த மூன்று நிறங்களும் தத்தம் சில்லைத் தாண்டி, நான்கு முப்பட்டகங்களை ஒட்டிச் செய்த ஒரு கண்ணாடிக் கனசதுரத்துக்குள் மீண்டும் ஒன்றுகூடி லென்ஸுக்குள் நுழைகின்றன. ஒட்டிய பரப்புகளில் இருப்பதும் இதே அடுக்குப் பூச்சுதான்.

இதே இயற்பியலைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். திரும்பும் அலைகள் ஒன்றையொன்று ஓங்கச் செய்வதற்குப் பதில் அழிக்கும்படி தடிமனைத் தேர்ந்தெடுத்தால் கண்ணாடி ஒளியைத் திருப்பாது. அதன் அருமை தெரிய ஒரு கணக்கு போதும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். நான்கு சதவீதம்தானே என்று தோன்றும். பத்து லென்ஸ்கள் கொண்ட ஒரு தொகுதியில் இருபது பரப்புகள். இருபது முறை 0.96-ஐப் பெருக்கினால் கடைசியில் மிஞ்சுவது 44 சதவீதம்! ஒளியில் பாதிக்கு மேல் லென்ஸிலேயே தொலைந்துவிடும். ஒவ்வொரு பரப்பின் இழப்பையும் அரை சதவீதமாகக் குறைத்தால் 90 சதவீதம் வெளியே வரும். 1892-லேயே இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர், பழையதாகி மங்கலேறிய லென்ஸ் புதிய லென்ஸைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். 1935-ல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா அப்படிப்பட்ட மெல்லிய பூச்சை வேண்டுமென்றே போடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பல லென்ஸ்களில் தெரியும் ஊதா கலந்த மினுமினுப்பு அதன் அடையாளம்.

திரும்பிய ஒளி தொலைந்தால்கூடப் பரவாயில்லை. அது முழுவதும் தொலைவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். லென்ஸ்களுக்குள் அங்கும் இங்கும் மோதி, கடைசியில் திரைக்கே வந்து சேர்கிறது, வரக்கூடாத இடத்தில். படத்தின் ஒரு மூலையில் வெள்ளைச் சட்டை, மறு மூலையில் இரவு வானம் என்றால், சட்டையின் ஒளி வானத்தில் கசிந்து கருப்பைச் சாம்பலாக்கும். ஆகவே ஒளித்திறனும் படத்தின் தரமும் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தவறிய ஒவ்வொரு ஒளிக்கதிரும் இரண்டு முறை கெடுதல் செய்கிறது: வெளிச்சத்தைக் குறைக்கிறது, கருப்பைக் கெடுக்கிறது.

இனி வரவுசெலவுக் கணக்கு. வகுப்பறைகளில் காணும் ஒரு சாதாரண புரொஜெக்டரில் 200 வாட் விளக்கு. வாட்டுக்கு சுமார் 60 லூமன் வீதம் அது 12,000 லூமன் ஒளியைத் தருகிறது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதோ 3,000 லூமன். 9,000 எங்கே போயிற்று?

கொஞ்சம் விளக்கைச் சுற்றியே போயிற்று. பிரதிபலிப்புக் கிண்ணம் எல்லாத் திசையிலும் பாயும் ஒளியையும் பிடித்துவிட முடியாது. கொஞ்சம் சில்லின் ஓரங்களுக்கு வெளியே விழுந்தது. எல்சிடியாக இருந்தால் ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள மின்கம்பிகளின் மேல் விழுந்து வீணானது. வெள்ளையின் சாயல் சரியாக வர வேண்டுமென்று வேண்டுமென்றே வெட்டிவிட்டதும் உண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரே ஒரு பெரிய விதி நிற்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்தான் கடந்த முப்பது ஆண்டுகளில் புரொஜெக்டரை முன்னேற்றினார்கள்.

பூதக்கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்துக் காகிதத்தைச் சுட்டு விளையாடாத குழந்தை இருக்காது. அந்தப் புள்ளி ஏன் ஒரு புள்ளியாகவே சுருங்குவதில்லை? வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரைப் பாகை. குவியத் தூரம் 10 சென்டிமீட்டர் கொண்ட லென்ஸில் அதன் பிம்பம் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்தாலும் அது குறையாது. சிறிதாக்க வேண்டுமென்றால் குவியத் தூரத்தைக் குறைக்க வேண்டும். அப்போது ஒளி இன்னும் அகன்ற கூம்பாக வந்து விழும். இடத்தைச் சுருக்கினால் கோணம் விரியும், கோணத்தைச் சுருக்கினால் இடம் விரியும். பரப்பையும் கோணத்தையும் பெருக்கிவரும் இந்த அளவை இங்கே ‘ஒளிவிரிவு’ என்று வைத்துக்கொள்வோம். எந்த லென்ஸாலும் எந்தக் கண்ணாடியாலும் ஒளியைத் தொலைக்காமல் இதைக் குறைக்க முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோடு இது கட்டுண்டது, மீற வழியில்லை.

புரொஜெக்டரில் இதன் பொருள் கடுமையானது. உள்ளே இருக்கும் சில்லு விரல்நகம் அளவு. அது ஏற்கும் கோணத்துக்கும் எல்லை உண்டு. விளக்கின் ஒளிரும் பகுதி பெரிதாக இருந்தால் அதன் ஒளிவிரிவு சில்லின் ஒளிவிரிவைத் தாண்டிவிடும். தாண்டிய பங்கை எந்த வித்தையாலும் உள்ளே தள்ள முடியாது. இரண்டு விளக்கை வைத்தால் இரண்டு மடங்கு வெளிச்சம் வராததும், பிரகாசமான எல்இடி விளக்குகள் வந்த பின்னும் எல்இடி புரொஜெக்டர்கள் நீண்டகாலம் மங்கலாகவே இருந்ததும் இதனால்தான். எல்இடியின் மொத்த ஒளிக்குக் குறைவில்லை. அது பரந்த பரப்பிலிருந்து எல்லாத் திசையிலும் வருகிறது. 1995-ல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த பாதரச விளக்கில் ஒளி பிறக்கும் மின்வில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். அதற்காகக் குவார்ட்ஸ் குமிழுக்குள் பாதரச ஆவியின் அழுத்தம், விளக்கு எரியும்போது 200 வளிமண்டலத்துக்கு ஏறும்படி செய்தார்கள். வீட்டுச் சுவரிலும் வகுப்பறையிலும் பகலில் படம் காட்டலாம் என்ற நிலை அந்தச் சிறு குமிழால் வந்தது.

எல்சிடி புரொஜெக்டரில் இன்னொரு பெரிய ஓட்டை இருந்தது. திரவப் படிகம் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும்தான் கையாளும். விளக்கின் ஒளி எல்லாத் தளத்திலும் அதிர்கிறது. வேண்டாத பாதியை வடிகட்டித் தூக்கி எறிந்தார்கள். பிறகு ஒரு நல்ல வழி பிறந்தது. மெல்லிய முப்பட்டகங்களின் வரிசை ஒன்று இரண்டு வகை அதிர்வையும் பிரிக்கும். தவறான வகையை ஒரு படிகத் தாள் 90 பாகை திருப்பிச் சரியான வகையாக்கும். எறிந்த பாதியில் பெரும்பங்கு மீண்டது. ஆனால் கற்றையின் அகலம் இரண்டு மடங்கானது, அதாவது ஒளிவிரிவு இரட்டித்தது. விளக்கின் மின்வில் சிறிதாக இருந்தால் மட்டுமே இந்த மீட்பு பலிக்கும். புரொஜெக்டர் ஒளியியலில் எந்த ஆதாயமும் இன்னோர் இடத்தில் விலை கேட்கும்.

இன்னொரு குடும்பம் நுண்கண்ணாடிச் சில்லு. 1987-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி, அகலம் சில மைக்ரான். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் கரிய தொட்டிக்குப் போகும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிர்ந்து, லென்ஸைப் பார்த்து நிற்கும் நேரத்தின் அளவால் சாம்பல் நிறத்தின் படிகளை உண்டாக்குகிறது. தியேட்டர்களில் 2கே டிஜிட்டல் படம் காட்டும் சில்லில் 2048க்கு 1080 என்று 22 லட்சம் கண்ணாடிகள். இதற்காக ஹார்ன்பெக்குக்கு 2015-ல் ஆஸ்கர் விருது தந்தார்கள். திரைப்பட விருது ஒன்று இயற்பியலாளரின் மேசைக்குப் போனது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

கண்ணாடி எவ்வளவு சாயும் என்பதே இங்கே ஒளிவிரிவைத் தீர்மானிக்கிறது. 12 பாகை சாயும் கண்ணாடி, பாதிக் கோணம் 12 பாகை கொண்ட ஒளிக்கூம்பைத்தான் ஏற்க முடியும். அதற்குமேல் போனால் ‘எரிகிற’ ஒளியும் ‘அணைந்த’ ஒளியும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கருப்பு கெடும். புதிய சில்லுகளில் சாய்வு 17 பாகை. ஐந்து பாகைதான் கூடுதல், ஆனால் ஏற்கக்கூடிய கூம்பின் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. சிறிய சில்லையும் சிறிய லென்ஸையும் வைத்து முன்பிருந்த வெளிச்சத்தைக் கொண்டுவர இது உதவியது. கருப்பைக் காக்க வேறு வேலைகளும் நடந்தன. கண்ணாடிகளின் விளிம்பிலும் இடுக்கிலும் நடுவிலுள்ள சிறு குழியிலும் பட்டுச் சிதறும் ஒளியைக் குறைக்க, இடுக்கைக் குறுக்கினார்கள், குழியைச் சிறிதாக்கினார்கள், அடித்தளத்துக்கு ஒளியை உறிஞ்சும் பூச்சுப் போட்டார்கள். புரூஸ்டரின் மெழுகும் இங்கே வந்துவிடுகிறது. வரிசையாக நிற்கும் நுண்கண்ணாடிகள் சிப்பியின் மேல்வரிகளைப் போலவே ஒளியைச் சிதறடித்து வெவ்வேறு திசைகளுக்குப் பிரிக்கும். லேசர் ஒளியில் இது பளிச்சென்று தெரியும். அந்தத் திசைகளில் எவற்றை லென்ஸ் அள்ள வேண்டும் என்று கணக்கிட்டு லென்ஸை அமைக்கிறார்கள்.

விலை குறைந்த நுண்கண்ணாடிப் புரொஜெக்டர்களில் ஒரே சில்லுதான். அதன்முன் நிறச் சக்கரம் ஒன்று சுழன்று சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறிக் காட்டும். நம் கண் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். சிவப்பு நிற்கும் நேரத்தில் மற்ற இரு நிறங்களும் வீண். இந்த இழப்பை மறைக்கச் சக்கரத்தில் நிறமற்ற ஒரு துண்டைச் சேர்த்தார்கள். வெள்ளைப் பக்கம் காட்டும்போது லூமன் எண் ஏறியது. நிறப்படத்துக்கு அந்தத் துண்டு உதவாது. 3,000 லூமன் என்று எழுதிய பெட்டியில் நிறங்களின் கூட்டு ஒளி அதில் பாதிக்கும் கீழே போவதுண்டு. உயிரியல் பாடத்தில் இலையின் பச்சை சேறு பூசியதுபோல வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வெள்ளை ஒளியோடு நிற ஒளியையும் தனியே அளக்கும் முறை 2012-லேயே சர்வதேசத் தரத்தில் சேர்ந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

2010க்குப் பின் விளக்கே மாறத் தொடங்கியது. நீல லேசர் டயோடுகளின் ஒளியை ஒரு மில்லிமீட்டர் அளவுப் புள்ளியாக, பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள் பூசிய சுழலும் தட்டின்மேல் குவிக்கிறார்கள். தட்டு மஞ்சளாக ஒளிர்கிறது. மஞ்சளிலிருந்து பச்சையும் சிவப்பும் பிரிகின்றன. ஒளி பிறக்கும் இடம் சிறியது, ஆகவே ஒளிவிரிவும் சிறியது. பாதரச விளக்கு சில ஆயிரம் மணி நேரத்தில் பாதி வெளிச்சத்துக்கு இறங்கும். இந்த லேசர்-பாஸ்பர் அமைப்பு சுமார் 20,000 மணி நேரம் தாங்கும். பாதரசமும் இல்லை. மூன்று நிறத்துக்கும் தனித்தனி லேசர் வைத்தால் ஒளிவிரிவு இன்னும் குறையும், நிறங்களும் மிகத் தூய்மையாக வரும். ஆனால் லேசர் அலைகள் ஒன்றோடொன்று சீராக இருப்பதால் திரையில் பொடிப்பொடியாக ஒரு மினுக்கம் தோன்றும். அதை அடக்க ஒளிபரப்பித் தகட்டை அதிரவைக்கிறார்கள். சற்றே வேறுபட்ட அலைநீளமுள்ள டயோடுகளைக் கலக்கிறார்கள்.

சாய்த்தால் நிறம் நீலப் பக்கம் நகரும் என்ற விதிக்கு இப்போது வருவோம். நிறம் பிரிக்கும் பூச்சுகளின்மேல் கதிர்கள் வெவ்வேறு கோணத்தில் விழுந்தால், படத்தின் இடது ஓரத்தில் ஒரு சாயலும் வலது ஓரத்தில் வேறு சாயலும் வரும். இதைத் தவிர்க்க, சில்லின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் மையக் கதிர் சில்லுக்குச் செங்குத்தாகவே கிளம்பும்படி லென்ஸை அமைக்கிறார்கள். அப்படிப்பட்ட லென்ஸ் பெருத்துவிடும், கண்ணாடிகளின் எண்ணிக்கை கூடும். புரொஜெக்டர் லென்ஸின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பருத்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். வேறு தேவைகளும் உண்டு: மூன்று நிறமும் மூலைகளில்கூட ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு பிக்சல் அகலமுள்ள வெள்ளைக் கோட்டைத் திரையின் மூலையில் வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் பிசிறினால் லென்ஸ் அந்த வேலையில் தோற்றிருக்கிறது.

திரையிலும் சிப்பி உண்டு. முத்துப் பூச்சுத் திரைகள் என்று ஒரு வகை தியேட்டர்களில் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பூச்சில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு போர்த்திய அபிரகத் துகள்கள்; ஒளியைத் திருப்புவதில் அவை சிப்பியின் தட்டுகளின் தம்பிகள். வெள்ளைத் திரை எல்லாப் பக்கமும் ஒளியைப் பரப்பும். முத்துப் பூச்சுத் திரை பார்வையாளர் இருக்கும் பக்கம் கூடுதலாகத் திருப்பும். ஒளி புதிதாக உண்டாவதில்லை, ஓரத்து இருக்கைகளின் பங்கு நடு இருக்கைகளுக்குப் போகிறது. அகலமான அரங்கில் இதைப் போடுவது ஓரத்தில் உட்காருபவர்களுக்கு அநியாயம்.

காயல்பட்டினம் சினிமா தியேட்டர் இல்லாத ஊர் என்று பெயர் பெற்றது. இங்கே புரொஜெக்டரின் வேலை பாடம் காட்டுவதும் கூட்டங்களில் படம் போடுவதும்தான். இந்த ஊரில் ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத் திரை. பரப்பு மூன்று சதுர மீட்டர். 3,000 லூமன் விழுந்தால் திரையில் சதுர மீட்டருக்கு 1,000 லூமன், அதாவது 1,000 லக்ஸ். காலை பதினொரு மணி, கிழக்கே கடலைப் பார்த்த சன்னல்கள் திறந்திருக்கின்றன. சன்னல் வெளிச்சம் திரையில் 250 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், வெள்ளை 1,250, கருப்பு 250. விகிதம் ஐந்துக்கு ஒன்று. எந்தப் புரொஜெக்டராலும் கருப்பை வீசி எறிய முடியாது. படத்தின் கருப்பு என்பது அந்த நேரத்தில் திரையின்மேல் கிடக்கும் சன்னல் வெளிச்சம்தான். அமெரிக்கக் காட்சித் தொழில்துறை 2011-ல் வகுத்த தரப்படி, சும்மா பார்த்துவிட்டுப் போகவே ஏழுக்கு ஒன்று வேண்டும். எழுத்தும் வரைபடமும் படித்துப் புரிந்துகொள்ளப் பதினைந்துக்கு ஒன்று வேண்டும்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. 6,000 லூமன் புரொஜெக்டர் வாங்கலாம். விகிதம் ஒன்பதாக ஏறும், பதினைந்தைத் தொடாது. அல்லது பழைய புரொஜெக்டரையே வைத்துக்கொண்டு, திரைக்கு அருகிலுள்ள சன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை போட்டு, திரைக்கு நேர் மேலே எரியும் டியூப் லைட்டை அணைக்கலாம். சன்னல் வெளிச்சம் 70 லக்ஸுக்கு இறங்கினால் விகிதம் பதினைந்து. துணிக்கடையில் முடியும் வேலை.

கடற்கரை ஊருக்கு இன்னொரு பகைவன் உப்பு. காயல்பட்டினத்தைச் சுற்றி உப்பளங்கள். கொண்டல் அடித்தால் கடலிலிருந்தும் உப்புத்துகள் வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புத் துகள் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்து சொட்டாகும். லென்ஸின்மேல் அப்படி ஆயிரம் நுண்சொட்டுகள் உட்கார்ந்தால் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். ஆய்வகத்தில் பாடுபட்டு 4 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைத்த இழப்பை உப்பு ஒரே பருவத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடும். வேலை முடிந்ததும் லென்ஸை மூடிவையுங்கள். துடைப்பதென்றால் முதலில் ஊதுகுமிழால் துகளை அகற்றுங்கள். உப்புப் படிகத்தோடு துணியால் தேய்த்தால் பூச்சு கீறிப்போகும். காற்று வடிகட்டியை அடைய விடாதீர்கள். அடைந்தால் விளக்கு சூடேறி ஆயுள் குறையும்.

புரொஜெக்டரைச் சாய்த்து வைத்துவிட்டுப் படம் கோணலாக வந்ததும், பட்டனை அழுத்தி நிமிர்த்துவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்தத் திருத்தம் லென்ஸில் நடப்பதில்லை, சில்லில் நடக்கிறது. படத்தின் ஒரு விளிம்பை 70 சதவீதமாகச் சுருக்கினால் சில்லின் பரப்பில் 15 சதவீதம் இருட்டாகக் கிடக்கும். அதன்மேல் விழும் ஒளி தொட்டிக்குப் போகும், மிஞ்சிய எழுத்துகளும் மழுங்கும். ஏணி போட்டுப் புரொஜெக்டரைத் திரைக்கு நேராக மாட்ட ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளை ஒதுக்குங்கள்.

புதிது வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையின் இருட்டறையில் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். உங்கள் வகுப்பறைக்கே கொண்டுவரச் சொல்லி, காலை பதினொரு மணிக்கு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளை லூமன் எவ்வளவு, நிற லூமன் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது எண்ணைச் சொல்ல மறுக்கும் புரொஜெக்டரை வாங்க வேண்டாம்.